எந்தத் தேதிக்கு, எத்தனை நாளுக்கு: ஒத்திவைக்கும் வினைகளும் ஆங்கில முன்னிடைச்சொற்களும்

வழக்கு விசாரணை பற்றிய செய்திகளில் இரண்டு தொடர்களை நாம் அன்றாடம் படிக்கிறோம். 'விசாரணை ஜூன் 12ஆம் தேதிக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்பது ஒன்று. 'விசாரணை இரண்டு வாரத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது' என்பது மற்றொன்று. முதல் தொடரில் வரும் 'கு' உருபு விசாரணை போய்ச் சேரும் நாளைக் காட்டுகிறது. இரண்டாவதில் வரும் அதே உருபு இடைவெளியின் நீளத்தைக் காட்டுகிறது. 12ஆம் தேதி ஒரு நாள் என்பதும் இரண்டு வாரம் ஒரு கால அளவு என்பதும் படிப்பவருக்குத் தானாகவே விளங்கிவிடுவதால் தமிழில் யாருக்கும் குழப்பம் வருவதில்லை. இதே இரண்டையும் ஆங்கிலத்தில் எழுத உட்காரும்போதுதான் கை தயங்குகிறது. ஆங்கிலம் இந்த இரண்டு வேலைகளையும் ஒரே சொல்லிடம் ஒப்படைப்பதில்லை. முதலாவது 'அட்ஜர்ன்ட் டு 12 ஜூன்'. இரண்டாவது 'அட்ஜர்ன்ட் ஃபார் டூ வீக்ஸ்'.

அலுவலக ஆவணங்களையும் அறிவிப்புகளையும் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே மொழிபெயர்ப்பது என் தொழில். அந்த வேலையில் நான் திருத்துகிற பிழைகளில் பெரும்பகுதி கடினமான சொற்களில் இருப்பதில்லை. தேதிக்கு முன்னால் நிற்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்துச் சொற்களில்தான், அதாவது முன்னிடைச்சொற்களில்தான் (ப்ரிபோசிஷன்), இருக்கிறது. மணிக்கு 'அட்', கிழமைக்கும் தேதிக்கும் 'ஆன்', மாதத்துக்கும் ஆண்டுக்கும் 'இன்' என்று நாம் அனைவரும் பள்ளியில் படித்திருக்கிறோம். அந்தப் பாடத்தில் தவறில்லை. ஒரு நிகழ்ச்சி எப்போது நடக்கிறது என்று சொல்வதற்கு அது போதும். ஆனால் நிகழ்ச்சியைத் தள்ளுகிற, முன்னுக்குக் கொண்டுவருகிற, குறித்துவைக்கிற, நீட்டிக்கிற வினைகள் வந்துவிட்டால் அந்தப் பாடம் கைகொடுப்பதில்லை. அங்கே முன்னிடைச்சொல்லைத் தீர்மானிப்பது அந்த வினைதான். தேதியைப் பார்த்து முன்னிடைச்சொல்லைத் தேடுகிறவர் தவறான இடத்தில் தேடுகிறார் என்பது என் உறுதியான கருத்து.

உலகமே அறிந்த ஓர் ஒத்திவைப்பை எடுத்துக்கொண்டு பார்க்கலாம். டோக்கியோ ஒலிம்பிக் போட்டிகள் 2020 ஜூலை 24 அன்று தொடங்குவதாக இருந்தன. கொரோனா தொற்றுப் பரவலால் 2020 மார்ச் 24 அன்று அவற்றை ஒத்திவைக்கும் முடிவு வெளியானது. மார்ச் 30 அன்று புதிய தேதிகள் அறிவிக்கப்பட்டன. கடைசியில் போட்டிகள் 2021 ஜூலை 23 முதல் ஆகஸ்ட் 8 வரை நடந்தன. இந்த ஒரே செய்தியில் 'போஸ்ட்போன்' என்ற வினை எத்தனை முன்னிடைச்சொற்களை ஏற்கிறது என்று கவனியுங்கள். 'போஸ்ட்போண்ட் ஆன் 24 மார்ச் 2020' என்றால் ஒத்திவைக்கும் முடிவு எடுக்கப்பட்ட நாள். 'போஸ்ட்போண்ட் டு 2021' என்றால் போட்டிகள் போய்ச் சேர்ந்த காலம். 'போஸ்ட்போண்ட் பை எ இயர்' என்றால் தள்ளப்பட்ட தூரம். 'போஸ்ட்போண்ட் ஃப்ரம் ஜூலை 2020' என்றால் எங்கிருந்து தள்ளப்பட்டன என்பது. நான்கும் சரியான ஆங்கிலமே. நான்குக்கும் பொருள் வேறு. ஓராண்டு என்று எல்லாரும் சொன்னாலும் 2020 ஜூலை 24க்கும் 2021 ஜூலை 23க்கும் இடையே இருப்பவை 364 நாட்கள். அதாவது சரியாக 52 வாரங்கள். தொடக்க விழா வெள்ளிக்கிழமையிலிருந்து வெள்ளிக்கிழமைக்கே நகர்ந்தது. 'பை 52 வீக்ஸ்' என்று எழுதியிருந்தாலும் கணக்கு பிசகியிருக்காது.

நம்மவர் பிழை விடும் இடம் இதில் முதலாவதுதான். 'தி எக்ஸாம் ஹேஸ் பீன் போஸ்ட்போண்ட் ஆன் ஃப்ரைடே' என்று எழுதுகிறார்கள். தேர்வு வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொல்ல வந்தது. கிழமைக்கு 'ஆன்' என்ற பள்ளிப்பாடம் அவர்களை அங்கே இழுத்துச் செல்கிறது. படிப்பவருக்கோ வெள்ளிக்கிழமை அன்று யாரோ தேர்வைத் தள்ளிவைத்தார்கள், புதிய தேதி இன்னும் தெரியவில்லை என்று படுகிறது. இதை எளிதாகத் தவிர்க்கலாம். தமிழில் நாம் 'வெள்ளிக்கிழமை ஒத்திவைத்தார்கள்' என்றும் 'வெள்ளிக்கிழமைக்கு ஒத்திவைத்தார்கள்' என்றும் தெளிவாகவே வேறுபடுத்துகிறோம். உருபு இல்லாத வெள்ளிக்கிழமைக்கு 'ஆன்', 'கு' உருபு பெற்ற வெள்ளிக்கிழமைக்கு 'டு'. இந்த இடத்தில் நம் மொழி நமக்குத் துணையாகவே நிற்கிறது.

'டு' வரும் இடத்தில் 'டில்', 'அன்டில்' ஆகியவையும் வருவதுண்டு. 'போஸ்ட்போண்ட் அன்டில் ஃப்ரைடே' என்பதும் நல்ல ஆங்கிலமே. இரண்டுக்கும் நுண்ணிய வேறுபாடு இருக்கிறது. 'டு' என்னும்போது கூட்டம் ஒரு கட்டத்திலிருந்து இன்னொரு கட்டத்துக்கு நகர்த்தப்படுகிறது. 'அன்டில்' என்னும்போது அதுவரை காத்திருக்கிறோம் என்ற உணர்வு முன்னிற்கிறது. புதிய தேதி உறுதியாக முடிவாகியிருந்தால் நான் 'டு' எழுதுவேன். ஒரு நிபந்தனை நிறைவேறும்வரை தள்ளிவைத்திருந்தால், எடுத்துக்காட்டாக அறிக்கை வரும்வரை என்றால், 'அன்டில் தி ரிப்போர்ட் இஸ் ரெடி' என்று எழுதுவேன். அங்கே 'டு' பொருந்தாது. 'புட் ஆஃப்', 'டிஃபர்' ஆகிய வினைகளும் இதே வழியில் செல்கின்றன.

'அட்ஜர்ன்' சற்று வேறு குணமுள்ள வினை. 'போஸ்ட்போன்' தொடங்காத ஒன்றைத் தள்ளுகிறது. 'அட்ஜர்ன்' பெரும்பாலும் தொடங்கிவிட்ட ஒன்றை இடையில் நிறுத்துகிறது. நிறுத்தத்துக்கு ஒரு நீளம் உண்டு என்பதால் 'ஃபார் டூ வீக்ஸ்', 'ஃபார் ஆன் அவர்' என்று 'ஃபார்' இயல்பாக வந்து ஒட்டிக்கொள்கிறது. தேதி நகர்கிறது என்ற எண்ணம் 'போஸ்ட்போன்' வினையில் வலுவாக இருப்பதால் அங்கே நகர்ந்த தூரத்தை அளக்கும் 'பை' பொருத்தமாகிறது. 'போஸ்ட்போண்ட் ஃபார் எ வீக்' என்று எழுதுகிற ஆங்கிலேயர்களும் உண்டு, அது பிழையும் அன்று. இருந்தாலும் அளவைத் துல்லியமாகச் சொல்ல வேண்டிய அறிவிப்பில் 'பை' என்பதையே நான் பரிந்துரைக்கிறேன்.

நம் மக்களவையின் நடவடிக்கைக் குறிப்புகளில் ஒவ்வொரு நாளின் இறுதியிலும் ஒரு வரி அச்சாகும். 'தி லோக் சபா தென் அட்ஜர்ன்ட் டில் லெவன் ஆஃப் தி கிளாக் ஆன்' என்று தொடங்கி, அடுத்த அமர்வின் கிழமையும் தேதியும் வந்து, அதன் பின் இந்தியத் தேசிய நாட்காட்டியான சக ஆண்டின்படி அமைந்த தேதியும் சேர்ந்து வரும். அந்த வரியில் 'டில்' மணிக்கு முன்னால் நிற்கிறது, 'ஆன்' கிழமைக்கு முன்னால் நிற்கிறது. இரண்டும் தத்தம் வேலையை மட்டும் செய்கின்றன. 'டில்' என்பது வினைக்கு உரியது, அது 'அட்ஜர்ன்' கேட்பதால் வருகிறது. 'ஆன்' என்பது கிழமைக்கு உரியது, எந்தக் கிழமையின் பதினொரு மணி என்று சொல்ல வருகிறது. இதைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவருக்கு நீண்ட வாக்கியங்களும் சிக்கலாகத் தோன்றமாட்டா. கூட்டத்தொடரே முடியும்போது தேதி எதுவும் இருக்காது. அப்போது முன்னிடைச்சொல்லும் இல்லை, 'அட்ஜர்ன்ட் சைனி டை' என்ற லத்தீன் தொடர் வந்துவிடுகிறது. நம் செய்தித்தாள்கள் அதைத் 'தேதி குறிப்பிடாமல் ஒத்திவைப்பு' என்று அழகாகவே தமிழாக்கியிருக்கின்றன. 'வித்அவுட் எனி டேட்' என்று அதை மீண்டும் ஆங்கிலத்துக்குச் சொல்லுக்குச் சொல் திருப்ப வேண்டியதில்லை. 'இன்டெஃபினிட்லி' என்ற ஒரு சொல்லே போதும்.

குறித்துவைக்கும் வினைகளில் 'ஷெட்யூல்' பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கோயம்புத்தூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கும் என் அக்காள் மகள், வெளிநாட்டு வாடிக்கையாளர் ஒருவருக்கு 'தி ரிவ்யூ வாஸ் ஷெட்யூல்ட் ஆன் தேர்ஸ்டே' என்று மின்னஞ்சல் எழுதியிருந்தாள். அவரோ, 'சரி, ரிவ்யூ என்றைக்கு?' என்று பதில் கேட்டிருந்தார். அவளுக்கு அது புரியவில்லை.

"வியாழக்கிழமைனு தெளிவா எழுதியிருக்கேனே மாமா, கிழமைக்கு 'ஆன்' தானே வரும்?" என்று தொலைபேசியில் கேட்டாள்.

"ரிவ்யூ நடக்கிறது வியாழக்கிழமையா, இல்ல நீ அதுக்கு நேரம் குறிச்சது வியாழக்கிழமையா?" என்று கேட்டேன்.

"நடக்கிறதுதான். குறிச்சது திங்கட்கிழமையே."

"அப்ப உன் வரியில ரெண்டும் ஒண்ணா தெரியுதும்மா. 'ஃபார்' போட்டு எழுதிப் பாரு."

'ஷெட்யூல்ட் ஃபார் தேர்ஸ்டே' என்று மாற்றியதும் ஐயம் நீங்கிவிட்டது. 'ஷெட்யூல்' என்பது நேரம் குறிக்கும் செயல். அதற்கு அடுத்து 'ஆன்' வந்தால், குறிக்கும் செயல் நடந்த நாள் என்று படிக்க இடம் உண்டு. 'ஃபார்' வந்தால் எந்த நாளுக்காகக் குறிக்கப்பட்டது என்பது மட்டுமே பொருள். 'ஃபிக்ஸ்ட் ஃபார்', 'செட் ஃபார்', 'அரேஞ்ட் ஃபார்', 'பிளான்ட் ஃபார்' ஆகியவையும் அப்படியே. 'தை 15க்குக் கல்யாணம் வைத்திருக்கிறார்கள்' என்று சொல்லும்போது நாமும் 'கு' உருபைத்தானே போடுகிறோம்? குறித்துவைக்கும் வினைகளில் நம் 'கு' ஆங்கில 'ஃபார்' ஆகிறது; தள்ளிவைக்கும் வினைகளில் அதே 'கு' ஆங்கில 'டு' ஆகிறது. இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. ஒரே வாக்கியத்தில் இரண்டையும் எழுதிப் பழகுவது நல்லது: 'தி மீட்டிங் ஷெட்யூல்ட் ஃபார் மண்டே ஹேஸ் பீன் போஸ்ட்போண்ட் டு தேர்ஸ்டே'.

ரீஷெட்யூல் என்று முன்னொட்டுச் சேர்ந்தால் இரண்டும் வரும். எங்கிருந்து எங்கே என்று சொல்லும்போது 'ரீஷெட்யூல்ட் ஃப்ரம் மண்டே டு தேர்ஸ்டே' என்பதும், புதிய நாளை மட்டும் சொல்லும்போது 'ரீஷெட்யூல்ட் ஃபார் தேர்ஸ்டே' என்பதும் வழக்கில் உள்ளன.

நீதிமன்ற ஆங்கிலம் தனக்கென்று சில வழக்கங்களை வைத்திருக்கிறது. 'லிஸ்ட் தி மேட்டர் ஆன் 12 ஜூன்' என்றும் 'லிஸ்ட் ஆஃப்டர் ஃபோர் வீக்ஸ்' என்றும் உத்தரவுகளில் காண்கிறோம். இங்கே 'லிஸ்ட்' என்பதற்கு அந்த நாளின் வழக்குப் பட்டியலில் சேர் என்று பொருள். அதனால் 'ஆன்' சரியாகப் பொருந்துகிறது. 'ஷெட்யூல்' வினைக்குச் சொன்னதை இதற்குச் சொல்லக்கூடாது. ஒவ்வொரு வினையையும் அதன் துணையோடு சேர்த்தே கற்க வேண்டும் என்பதற்கு இது ஒரு நல்ல சான்று.

தள்ளிவைப்பதற்கு எதிர்த்திசையில் செல்வதுதான் மிகவும் வழுக்கலான இடம். இந்தியாவில் நாம் 'ப்ரிபோன்' என்கிறோம். அது ஆங்கில அகராதிகளில் இந்திய ஆங்கிலச் சொல் என்ற குறிப்போடு இடம்பெற்றிருக்கிறது. உள்நாட்டில் எழுதும்போது அதைப் பயன்படுத்துவதில் எனக்கு எந்தத் தயக்கமும் இல்லை. தெளிவான சொல், ஒரே சொல். வெளிநாட்டவருக்கு எழுதும்போது 'பிரிங் ஃபார்வர்ட்' என்று எழுதுவது நல்லது. இரண்டுக்கும் முன்னிடைச்சொற்கள் 'போஸ்ட்போன்' போலவே அமைகின்றன: 'ப்ராட் ஃபார்வர்ட் டு டியூஸ்டே', 'ப்ராட் ஃபார்வர்ட் பை டூ டேஸ்'. ஆனால் 'மூவ் ஃபார்வர்ட்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'அடுத்த புதன்கிழமைக் கூட்டம் இரண்டு நாள் மூவ்ட் ஃபார்வர்ட் ஆகியிருக்கிறது. இப்போது கூட்டம் என்றைக்கு?' என்று ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களிடமே உளவியல் ஆய்வாளர்கள் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். சிலர் திங்கட்கிழமை என்றார்கள், சிலர் வெள்ளிக்கிழமை என்றார்கள். லேரா பொரொடிட்ஸ்கியும் மைக்கேல் ராம்ஸ்கரும் 2002இல் வெளியிட்ட ஆய்வில், விமான நிலையத்தில் அப்போதுதான் விமானத்திலிருந்து இறங்கியவர்கள், யாரையோ அழைத்துச் செல்லக் காத்திருந்தவர்களைக் காட்டிலும் அதிகமாக வெள்ளிக்கிழமை என்று பதில் சொன்னார்கள். தானே பயணம் செய்து வந்த மனம் காலத்தின் ஊடே தானே முன்னே செல்வதாக நினைக்கிறது. காத்திருக்கும் மனம் காலம் தன்னை நோக்கி வருவதாக நினைக்கிறது. தாய்மொழியாளர்களே இரண்டாகப் பிரியும் இடத்தில் நாம் சொல்லைத் தேர்ந்து பயனில்லை; 'டு மண்டே' என்று தேதியைச் சேர்த்துவிடுவதே வழி. 'டு' என்ற முன்னிடைச்சொல்லும் ஒரு கிழமையும் சேர்ந்துவிட்டால் 'ஃபார்வர்ட்' எந்தத் திசையில் இழுத்தாலும் கவலையில்லை.

நீட்டிக்கும் வினையான 'எக்ஸ்டெண்ட்' பற்றி வரி செலுத்துவோர் அனைவருக்கும் அனுபவம் உண்டு. தணிக்கை தேவைப்படாத தனிநபர்கள் 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்கான வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும் கடைசி நாள் 2025 ஜூலை 31லிருந்து செப்டம்பர் 15க்கு நீட்டிக்கப்பட்டது. பிறகு மேலும் ஒரு நாள், செப்டம்பர் 16க்கு. 'தி டியூ டேட் வாஸ் எக்ஸ்டெண்டட் ஃப்ரம் 31 ஜூலை டு 15 செப்டம்பர்' என்பது முழு வடிவம். எத்தனை நாள் என்று சொல்ல வேண்டுமானால் 'எக்ஸ்டெண்டட் பை 46 டேஸ்'. இங்கே 'பை 15 செப்டம்பர்' என்று யாராவது எழுதினால் பொருளே மாறிவிடும்: செப்டம்பர் 15க்குள் நீட்டிப்பு அறிவிக்கப்பட்டுவிடும் என்று படிக்கலாம். 'பை' அளவோடு சேர்ந்தால் தூரம். தேதியோடு சேர்ந்தால் அதற்குள் என்ற எல்லை. ஒரே சொல்லின் இந்த இரண்டு முகங்களையும் தனித்தனியே மனத்தில் வைக்க வேண்டும்.

கடைசி நாள் என்பது ஒரு புள்ளி. நீளும் நிலைமை வேறு. 2020இல் ஊரடங்கு மார்ச் 25 முதல் 21 நாட்களுக்கு அறிவிக்கப்பட்டு, ஏப்ரல் 14 வரை நீடித்தது. அன்றே அது மே 3 வரை நீட்டிக்கப்பட்டது. இரண்டாம் முறையாக, மே 4 முதல் இரண்டு வாரங்களுக்கு நீட்டிக்கப்பட்டது. இந்த இரண்டு நீட்டிப்புகளும் ஆங்கிலத்தில் வேறு வேறு உடை அணிகின்றன: 'எக்ஸ்டெண்டட் டில் 3 மே' என்பதில் முடிவு தெரிகிறது, 'எக்ஸ்டெண்டட் ஃபார் டூ வீக்ஸ் வித் எஃபெக்ட் ஃப்ரம் 4 மே' என்பதில் நீளமும் தொடக்கமும் தெரிகின்றன, முடிவை நாமே கணக்கிட வேண்டும். ஊரடங்கு ஒரு நிலைமை என்பதால் அது 'ஃபார்' என்ற நீளச் சொல்லை ஏற்கிறது. கடைசி நாளுக்கு நீளம் கிடையாது. 'தி டியூ டேட் வாஸ் எக்ஸ்டெண்டட் ஃபார் டென் டேஸ்' என்று எழுதுவதைவிட 'பை டென் டேஸ்' என்று எழுதுவதுதான் தெளிவு.

அடுத்து 'பை', 'அன்டில்' என்னும் இரட்டையர். தமிழில் 'க்குள்', 'வரை' என்ற இரண்டும் கிட்டத்தட்ட இதே வேறுபாட்டைக் காட்டுகின்றன. ஆயினும் பிழை குறைவதில்லை. காரணம், நம் அறிவிப்புகளில் 'விண்ணப்பங்களை ஜூன் 30 வரை அனுப்பலாம்' என்று எழுதுகிறோம். அதை அப்படியே 'சப்மிட் தி அப்ளிகேஷன் டில் 30 ஜூன்' என்று ஆக்கினால் ஜூன் 30 வரை ஓயாமல் விண்ணப்பித்துக்கொண்டே இரு என்பது போல் ஒலிக்கிறது. 'சப்மிட்' என்பது ஒரு நொடியில் முடியும் செயல். அது 'பை 30 ஜூன்' என்றே கேட்கும். அதே அறிவிப்பை அலுவலகத்தின் பக்கமிருந்து எழுதினால் 'அப்ளிகேஷன்ஸ் வில் பி ரிசீவ்ட் அன்டில் 30 ஜூன்' என்பது சரி. ஏனென்றால் வாங்கும் வேலை தொடர்ந்து நடக்கிறது. கெடு ஒன்றுதான், நாள் ஒன்றுதான். வினை மாறியதால் முன்னிடைச்சொல் மாறுகிறது. திருப்பிக் கொடு, முடி, சேர், செலுத்து என்பவை 'பை' கேட்கும். இரு, காத்திரு, திறந்திரு, தொடர் என்பவை 'அன்டில்' கேட்கும். எதிர்மறை வந்தால் கவனம் வேண்டும்: 'ஐ வில் நாட் ரிட்டர்ன் அன்டில் ஃப்ரைடே' என்பது நல்ல ஆங்கிலம், ஏனெனில் திரும்பி வராமல் இருப்பது ஒரு தொடர்ச்சி.

நம் 'க்குள்' இன்னொரு வேலையும் செய்கிறது. 'வெள்ளிக்கிழமைக்குள்' என்றால் 'பை ஃப்ரைடே'. 'மூன்று நாளுக்குள்' என்றால் 'வித்தின் த்ரீ டேஸ்'. 'பை த்ரீ டேஸ்' என்று இங்கே எழுதுவது அலுவலகக் கடிதங்களில் மிகவும் பரவலான பிழை. 'பத்து நிமிடத்தில் வருகிறேன்' என்பதற்கு 'இன் டென் மினிட்ஸ்' என்பது நம் 'இல்' உருபைப் போலவே இருப்பதால் அதில் யாரும் தடுமாறுவதில்லை. 'ஆஃப்டர் டென் மினிட்ஸ்' என்று எதிர்காலத்துக்கு எழுதுவதை மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

தொடங்கும் வினைகளைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 'கிளாசஸ் வில் ஸ்டார்ட் ஃப்ரம் மண்டே' என்பது 'திங்கட்கிழமை முதல் தொடங்கும்' என்ற நம் வழக்கின் நேர்ப்பிரதி. தொடங்குவது ஒரு நாளில் நடந்து முடிவதால் பொதுவான ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட் ஆன் மண்டே' என்பதே வழக்கு. 'ஃப்ரம்' வேண்டுமானால் 'கிளாசஸ் வில் பி ஹெல்ட் ஃப்ரம் மண்டே' என்று தொடரும் வினையைக் கொண்டுவரலாம். '2018 முதல் இங்கே வேலை செய்கிறேன்' என்பதில் இன்றுவரை நீளும் கடந்தகாலம் இருப்பதால் 'சின்ஸ் 2018'. 'மூன்று வருடமாக' என்றால் 'ஃபார் த்ரீ இயர்ஸ்'. 'ஆக' என்ற நம் ஒட்டு கண்ணில் பட்டால் 'ஃபார்' என்று கொள்ளலாம். பெரும்பாலும் அது கைவிடுவதில்லை.

தேதியையே வினையாக்கும் 'டேட்' என்ற சொல் கோயில் வரலாறு எழுதுவோருக்கு அடிக்கடி தேவைப்படுகிறது. தஞ்சைப் பெரிய கோயில் 1010இல் கட்டி முடிக்கப்பட்டது. 'தி டெம்பிள் டேட்ஸ் ஃப்ரம் தி லெவன்த் செஞ்சுரி' என்றும் எழுதலாம், 'டேட்ஸ் பேக் டு 1010' என்றும் எழுதலாம். 'பேக்' வந்தால் பார்வை பின்னோக்கிச் செல்வதால் 'டு'. 'பேக்' இல்லையென்றால் அந்தக் காலத்திலிருந்து புறப்பட்டு வருவதால் 'ஃப்ரம்'. இரண்டையும் கலந்து 'டேட்ஸ் பேக் ஃப்ரம்' என்று எழுதப்படும் சுற்றுலாக் கையேடுகள் கொஞ்சமில்லை. கடிதத்தில் வரும் 'டேட்டட்' அடுத்து எந்த முன்னிடைச்சொல்லையும் ஏற்காது: 'யுவர் லெட்டர் டேட்டட் 5 ஜூன்' என்று நேராகத் தேதிக்குப் போய்விட வேண்டும். 'நெக்ஸ்ட் மண்டே', 'லாஸ்ட் ஜூன்', 'திஸ் இயர்', 'எவ்ரி ஃப்ரைடே' ஆகியவற்றுக்கு முன்னாலும் 'ஆன்', 'இன்' எதுவும் வேண்டியதில்லை. 'ஃபால்' மட்டும் பள்ளிப்பாடத்தையே பின்பற்றுகிறது: பண்டிகை கிழமையில் வந்தால் 'ஃபால்ஸ் ஆன் எ மண்டே', மாதத்தில் வந்தால் 'ஃபால்ஸ் இன் ஜனவரி'.

இனி, தேதிகளுக்கு இருபுறமும் நிற்கும் 'ஃப்ரம்', 'டு' பற்றி. முதல் நாள் கணக்கில் சேருமா, கடைசி நாள் சேருமா என்பது வெறும் இலக்கணக் கேள்வியாக முடிந்துவிடுவதில்லை. கெடு தவறியதா இல்லையா என்று தீர்மானிப்பது அதுதான். இந்தியாவின் 1897ஆம் ஆண்டுப் பொது உட்பிரிவுகள் சட்டத்தின் 9ஆம் பிரிவு இந்த இரண்டு முன்னிடைச்சொற்களுக்கே பொருள் வரையறுத்திருக்கிறது: மத்தியச் சட்டங்களில் ஒரு காலத்தின் முதல் நாளைக் கணக்கிலிருந்து நீக்க 'ஃப்ரம்' என்ற சொல் போதும்; கடைசி நாளைக் கணக்கில் சேர்க்க 'டு' என்ற சொல் போதும். ஜூன் 1லிருந்து முப்பது நாள் என்று சட்டத்தில் இருந்தால் ஜூன் 2 முதல் நாளாகிறது, ஜூலை 1 முப்பதாவது நாளாகிறது. ஆனால் நடைமுறை அறிவிப்புகளில் 'வித் எஃபெக்ட் ஃப்ரம்' என்று எழுதினால் அந்த நாளும் சேர்ந்தே எண்ணப்படுகிறது. மே 4 முதல் இரண்டு வாரம் என்ற ஊரடங்கு மே 17 அன்று முடிந்தது அதனால்தான்.

அமெரிக்கர்கள் இந்த ஐயத்தைத் தீர்க்க 'த்ரூ' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். 'ஜூன் 10 த்ரூ ஜூன் 14' என்றால் 14ஆம் தேதியும் அடங்கும் என்பதில் அவர்களுக்கு ஐயமே இல்லை. பிரிட்டிஷ் ஆங்கிலத்தில் அந்தச் சொல் இப்படி வருவது அரிது. இந்திய அலுவலகங்களில் அதற்குப் பதிலாக 'போத் டேஸ் இன்க்லூசிவ்' என்ற தொடர் நெடுங்காலமாகப் புழங்குகிறது, அது நன்றாகவே வேலை செய்கிறது. விடுப்பு விண்ணப்பத்தில் 'ஆன் லீவ் டில் 14 ஜூன்' என்று மட்டும் எழுதிவிட்டால் 14ஆம் தேதி காலையில் நாற்காலியில் இருப்பார் என்று மேலாளரும், இன்னும் ஒரு நாள் இருக்கிறது என்று விடுப்பில் போனவரும் எண்ணிக்கொள்ள இடமிருக்கிறது. அதனால் என்னிடம் திருத்தத்துக்கு வரும் விடுப்புக் கடிதங்களில் நான் இரண்டு வரிகளை எழுதச் சொல்கிறேன். 'ஆன் லீவ் ஃப்ரம் 10 டு 14 ஜூன், போத் டேஸ் இன்க்லூசிவ்' என்பது முதல் வரி. 'ஐ வில் ரிஸ்யூம் டியூட்டி ஆன் 15 ஜூன்' என்பது அடுத்த வரி.